காருக்குள் பெட்ரோல் வாடை

என் கணவர் காரின் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு காலை வெளியே எடுத்து, கதவைச் சாத்திவிட்டு, பார்க்கிங் தூணைப் பிடித்துக்கொண்டு குமட்டினார். காலையில் இரண்டு இட்லிகூட இறங்கவில்லை, அதனால் வெறும் எச்சில்தான் வந்தது. நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மடியில் அவருடைய ஆஸ்பத்திரிப் பை.

"நான் வரல," என்றார்.

"வரலன்னா? இன்னைக்கு டயாலிசிஸ்ங்க."

"தெரியும். இந்த வாடையில என்னால உக்கார முடியல. வாடை போகட்டும், வரேன்."

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், அடுக்குமாடியின் முதல் தளத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரி காவிரிக்கு அந்தப் பக்கம், பாலக்கரையைத் தாண்டி. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் அழைத்துப் போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து, திரும்பக் கூட்டி வர வேண்டும். ஒரு முறை தப்பினால் கால் வீங்கும். அடுத்ததும் தப்பினால் மூச்சு முட்டும். அதற்கு மேலும் தப்பினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் கணவர் துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலையைச் சோதித்துப் பார்க்கும் இடத்தில் இருந்தவர். இரும்பும் இரும்பும் சேர்கிற இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் "இது ஆகாது, பிரிச்சுத் திரும்பப் போடு" என்று சொல்லிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். குக்கர் மூடி சரியாக உட்காரவில்லை என்றால் நான் கவனிப்பதற்கு முன்னால் அவர் காதுக்குக் கேட்டுவிடும். நான் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என்னுடைய சொத்து மூக்கு. எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று லேபிளைப் பார்க்காமல் சொல்வேன். இன்னொரு சொத்து வாய். எனக்குக் கோபம் வந்தால் பக்கத்துத் தெருவரைக்கும் கேட்கும். "நீ கத்தினா ராஜகோபுரத்துப் புறா எல்லாம் பறக்குது" என்பார் அவர்.

அன்று நான் கத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு அவரோடு லிஃப்டில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வாடை தொடங்கியது ஆயுத பூஜைக்குப் பிறகு. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் காருக்குத்தான் பெரிய உபசாரம். சரஸ்வதிக்குக்கூட அடுத்த இடம்தான். முன்பெல்லாம் அவரே விடியற்காலையில் எழுந்து வண்டியைக் கழுவுவார். அந்த வருஷம் கழுவ முடியவில்லை. அடுக்குமாடிக் காவல்காரர் கழுவிக் கொடுத்தார். ஆனால் பொட்டு வைக்கிற வேலையை என் கணவர் யாருக்கும் விடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை வண்டியைச் சுற்றி நகர்த்தி நகர்த்திப் போட்டு, உட்கார்ந்தபடியே வைத்தார். நான் பொரியும் கடலையும் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தேன். நாலு சக்கரம், முன்னால் பானெட், நம்பர் பிளேட், ஸ்டியரிங், கியர், கடைசியில் பெட்ரோல் மூடி. மூடியைத் திறந்து, டேங்கின் வாயைத் துணியால் துடைத்து, மூடிய பிறகு அதன் தலையில் ஒரு பொட்டு வைப்பார். வருஷா வருஷம் அதே வரிசை. பூசணிக்காயை உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நான்தான் வண்டியை ஏற்றி எடுத்தேன்.

அதற்குச் சில நாள் கழித்து, காலையில் கீழே இறங்கினால் லேசாகப் பெட்ரோல் வாடை. வேறு யாராவது வண்டியாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். குனிந்து மோந்து பார்த்தேன். எங்கள் வண்டிதான், பின்பக்கம். வெயிலில் நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தால் உள்ளேயும் அடித்தது. மெஷினில் போகிறவர்களுக்கு எப்போதும் வாயில் ஒரு இரும்பு ருசி இருக்குமாம், எந்த வாடையும் சட்டென்று குமட்டுமாம். எனக்கு லேசாக அடித்தது அவருக்கு முகத்தில் ஊற்றின மாதிரி இருந்தது.

திருவானைக்காவலில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பழைய டயர்களை வாசலில் அடுக்கி வைத்த ஒரு தகர ஷெட். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், முன்னால் பானெட்டைத் திறந்து பார்த்தார், பெட்ரோல் மூடியையும் திறந்து மூடினார். "மூடி பக்கம் ஒண்ணும் இல்லம்மா. கரி டப்பாதான் போச்சு" என்றார்.

கரி டப்பா என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். டேங்கில் இருக்கும் பெட்ரோல் சும்மா இருக்காது, ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி வெளியே போய்விடாமல் ஒரு குழாய் வழியாக ஒரு கருப்பு டப்பாவுக்குள் போகிறது. டப்பா நிறையக் கரி. கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது எஞ்சின் இன்னொரு குழாய் வழியாக அதை உறிஞ்சி எரித்துவிடும். அவ்வளவுதான் விஷயம். டேங்கிலிருந்து எஞ்சின் வரைக்கும் எங்கேயும் ஓட்டை இருக்கக் கூடாது, இருந்தால் வாடை வரும்.

"புது டப்பா போட்டா வெட்டிச் செலவும்மா. கழட்டிட்டா வண்டி இன்னும் நல்லா இழுக்கும். எல்லா வண்டிக்கும் அப்படித்தான் பண்றோம்," என்றார் அவர். வண்டி இழுப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, வாடை போனால் சரி என்றேன். கழற்றின டப்பாவை ஒரு பாலிதீன் பையில் போட்டு, "உங்க பொருள், வெச்சுக்கங்க" என்று கொடுத்தார். டிக்கியில், திரும்பி வரும்போது என் கணவர் தலைக்கு வைத்துக்கொள்ளும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாளே வாடை இரண்டு மடங்கானது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. திரும்பப் போய்க் கேட்டேன். "லைட்டைப் பாக்காதீங்கம்மா, அது சென்சார் கோளாறு. வாடை ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்றார். கத்தினேன். அன்று புறா பறந்திருக்கும். அவர் அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். வாடை அடங்கவில்லை. அதற்குப் பிறகுதான் என் கணவர் அப்படி ஒரு காலை வைத்துவிட்டு எடுத்தது.

இங்கே நான் பயந்த பயத்தைச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் லால்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். வாழை போட்டிருந்தவர். நன்றாகப் பேசுவார், என் கணவரை "இன்ஸ்பெக்டர் சார்" என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வார். ஒரு நாள் வரவில்லை. பஸ் கிடைக்கவில்லை என்றார் அடுத்த முறை. பிறகு முழங்கால் வலி என்று ஒரு நாள். பிறகு தங்கை மகள் கல்யாணம். எல்லாமே உண்மையான காரணங்கள்தான். கல்யாணப் பத்திரிகைகூட எங்களுக்குக் கொடுத்தார். அப்புறம் அந்தக் கட்டிலில் வேறு ஒரு ஆள் படுத்திருந்தார். விவசாயியின் மனைவி ஒரு நாள் தனியாக வந்து, அங்கேயே விட்டுப் போயிருந்த அவர் போர்வையை வாங்கி மடித்துக்கொண்டு போனாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கணவர் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அதனால் அவர் "வாடை போகட்டும், வரேன்" என்று சொன்னபோது எனக்கு அந்தப் போர்வைதான் ஞாபகம் வந்தது. வாடை உண்மை. எனக்கே அடிக்கிறது. ஆனால் வாடை போன பிறகும் அவர் வரவில்லை என்றால்? இப்போதைக்கு அவர் நிறுத்துவதற்குக் காரணம் ஒரு வண்டி. அதைச் சரிசெய்துவிட்டால் காரணம் அவரே என்று ஆகிவிடும். உண்மையைச் சொன்னால், சரிசெய்யவே எனக்குக் கை வரவில்லை.

ஓசூரில் இருக்கும் மகள் போனில், "அதைத் தள்ளிட்டு டாக்ஸி புக் பண்ணும்மா" என்றாள். புக் செய்தேன். டாக்ஸியில் மல்லிகை சென்ட் வாடை என்று அதிலும் ஏற மறுத்தார். அடுத்த டயாலிசிஸ் நாள் காலையில் அவர் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. அவரும் பார்த்தார்.

"என்னங்க, ஆட்டோல போலாம். ஆட்டோல ஒரு வாடையும் இருக்காது," என்றேன்.

"வரப்ப படுக்கணும்மா. ஆட்டோல எப்படிப் படுக்கிறது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். மெஷினிலிருந்து எடுத்த பிறகு அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடும். சீட்டைச் சாய்த்துப் படுத்தபடிதான் வீடு வருவார்.

"போறதுக்கு ஆட்டோ. வரதுக்கு கார். நான் பின்னாடியே காரை ஓட்டிட்டு வரேன். நீங்க மெஷின்ல இருக்கிற நேரத்துல சரிபண்ணி எடுத்துட்டு வந்துடறேன்."

"பண்ணிப் பாரு," என்றார். வரேன் என்று சொல்லவில்லை.

தெருமுனை ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ வந்தது. ஓட்டுநர் தெரிந்தவர்தான். விஷயத்தைச் சொன்னதும், "காட்டூர்ல என் மச்சான் ஷெட் வெச்சிருக்கான், அங்க போங்க அக்கா. நான் போன் பண்ணிடறேன்" என்றார். ஆட்டோ முன்னால் போனது. காலிக் காரில் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு நான் பின்னால் போனேன். காவிரிப் பாலத்தில் நெரிசல். ஆட்டோவின் பின்பக்கச் சந்தில் அவர் தலை தெரிந்தது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆடியது. பாலம் முடிகிறவரை அந்தத் தலையைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். திருவானைக்காவல்காரரைச் சும்மா விடக் கூடாது, திரும்புகிற வழியில் ஷெட் வாசலில் நின்று நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்தேன். கோபம் இருந்ததால் பயம் கொஞ்சம் அடங்கியிருந்தது.

அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு, பால்பண்ணை, அரியமங்கலம் தாண்டிக் காட்டூர் போய்ச் சேர்ந்தேன். மச்சான் நடுத்தர வயது ஆள், கொஞ்சம் சிடுமூஞ்சி. டிக்கியைத் திறந்ததுமே பாலிதீன் பையைத் தூக்கிக் காட்டினார்.

"இதை டிக்கியில வெச்சுக்கிட்டு வாடை எங்கிருந்து வருதுன்னு ஊரெல்லாம் தேடறீங்களாம்மா?"

பெட்ரோல் ஆவியைக் குடித்துக் குடித்து ஊறின கரி. அதைத்தான் அவர் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மூக்கைச் சொத்து என்று சொல்லிக்கொள்கிறவளுக்கு இது தேவைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றினார். டேங்கிலிருந்து வரும் ஆவிக் குழாய், பொருத்த டப்பா இல்லாமல், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் பக்கத்துக் குழாயில் ஒரு போல்ட்டைச் செருகி, கம்பியால் கட்டியிருந்தார்கள். ஒரு ஒயர் பிடுங்கிக் கிடந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது அதற்குத்தான். "யாரும்மா இந்த வேலை பார்த்தது?" என்றார். சொன்னேன். என் பட்டியலில் இன்னும் நாலு வார்த்தை சேர்ந்தது. அவர் போல்ட்டை எடுத்து, டப்பாவைச் சோதித்துத் திரும்பப் பொருத்தி, வெடித்திருந்த ஒரு குழாயை மாற்றி, ஒயரைச் சொருகினார். ஒரு கருவியை மாட்டி விளக்கையும் அணைத்தார். பிறகு வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்து மோந்து பார்த்தேன். குறைந்திருந்தது. ஆனால் இருந்தது. ஆயுத பூஜைக்குப் பிறகு முதன்முதலாக வந்ததே, அதே லேசான வாடை, அதே பின்பக்கம்.

"எனக்கு அடிக்கலையேம்மா," என்றார் மச்சான்.

"எனக்கு அடிக்குது தம்பி. அவருக்கு இன்னும் அடிக்கும்."

அவர் திரும்ப அடியில் படுத்துத் தேடினார். கிடைக்கவில்லை. மணி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மெஷின் நின்றால் அவர் வெளியே வந்து உட்கார்ந்திருப்பார். இந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், மோந்து பார்த்துவிட்டு, "பாத்தியா" என்பார். அந்த ஒரு சொல் போதும் அவருக்கு.

"தம்பி, வீட்ல சிலிண்டர் மாத்தினா கசியுதான்னு எப்படிப் பாப்போம்? சோப்புத் தண்ணி கொண்டாங்க," என்றேன்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். "அப்படின்னா டேங்குக்குள்ள கொஞ்சம் காத்து அடைக்கணும்மா," என்றார். பக்கத்து ஷெட்டில் வெல்டிங்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, வண்டியை வேப்பமரத்தடிக்குத் தள்ளினார். ஆவிக் குழாயில் சைக்கிள் பம்பைப் பொருத்தி, மெதுவாக, பலூன் ஊதுகிற மாதிரி அடித்தார். நான் ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் சோப்பு நுரையை எடுத்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே வந்தேன். அடியில் ஒன்றும் இல்லை. குழாய் முழுக்க ஒன்றும் இல்லை. கடைசியாகப் பெட்ரோல் மூடியைச் சுற்றித் தடவினேன். மூடியின் கீழ்ப்பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் நுரை மெல்லப் புடைத்தது. ஒரு குமிழ் வந்து உடைந்தது, பின்னாலேயே இன்னொன்று.

மச்சான் பம்பைக் கழற்றிவிட்டு மூடியைத் திருகித் திறந்தார். குனிந்து பார்த்தார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்களே வந்து பாருங்க."

டேங்கின் வாய் விளிம்பில் சந்தனம். புளியங்கொட்டை அளவுக்குத் திட்டாகக் காய்ந்து கல்லாகியிருந்தது. நடுவில் குங்குமம். அதன் மேலேயே மூடியைத் திருகித் திருகி, மூடியின் ரப்பர் வளையம் அந்த இடத்தில் பள்ளமாகி வெடித்திருந்தது. பொட்டு வட்டமாக இல்லை. விரல் நடுங்கி, இழுத்துக்கொண்டு போய், விளிம்பில் வழிந்திருந்தது. மூடின பிறகு மூடியின் தலையில் வைக்க வேண்டிய பொட்டு. அந்த வருஷம் வரிசை மாறிவிட்டது. திறந்த வாயிலேயே வைத்துவிட்டு மூடியிருக்கிறார்.

பெட்ரோல் பங்க்கில் நான் எப்போதும் வண்டிக்குள் உட்கார்ந்து, ஜீரோ வருகிறதா என்று மெஷினைத்தான் பார்ப்பேன். மூடியைத் திறப்பது அங்கே இருப்பவர்கள். அவர்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. திருவானைக்காவல்காரரும் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றாரே.

"எல்லாரும் பாத்திருப்பாங்கம்மா," என்றார் மச்சான். "பூஜைக்கு வெச்ச பொட்டை யாரு துடைப்பா? நானா இருந்தாலும் துடைக்க மாட்டேன். நீங்களே எடுத்துடுங்க."

ஒரு துணியைக் கொடுத்தார். டேங்குக்குள் விழாமல் துணியைக் கீழே பிடித்துக்கொண்டு நகத்தால் சுரண்டினேன். சுலபத்தில் வரவில்லை. அவருடைய ஆள்காட்டி விரலின் அகலம் எனக்குத் தெரியும், இத்தனை வருஷம் பார்த்த விரல். மயிரிழை இடைவெளியைக் கண்டுபிடித்து மற்றவர்களைத் திரும்பச் செய்ய வைத்த மனிதர், தன் கையாலேயே வாய்க்கும் மூடிக்கும் நடுவில் ஒரு திட்டை வைத்து மூடியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மச்சான் எதையோ எடுக்கப் போகிறவர் மாதிரி உள்ளே போய்விட்டார்.

புது மூடி வாங்கி வரச் சொல்லிப் போட்டோம். திரும்ப நுரை தடவிப் பார்த்தோம். ஒரு குமிழ்கூட வரவில்லை. பழைய மூடியைத் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவரிடம் சொல்லக் கூடாது என்று காட்டூரிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன். கை நடுங்குகிறது என்று அவருக்குத் தெரியும். சாப்பிடும்போது ரசத்தை நான் பார்க்காத நேரமாகப் பார்த்து எடுத்துக் குடிப்பார். அந்தக் கை வைத்த பொட்டுதான் தன்னைக் குமட்ட வைத்தது என்று தெரிந்தால், வேறு காரணமே வேண்டாம், அதுவே போதும் என்று நினைத்துவிடுவார். அவரை எனக்குத் தெரியும். ஆகாத வேலையை வைத்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. நான் இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் எழுந்து, கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டினார். மூச்சை இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். வாடை இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் என்ன சொல்லப் போகிறார் என்றுதான் தெரியவில்லை.

உள்ளே உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"என்னவாம்?" என்றார்.

"அந்தப் பாவி டியூபைப் பிடுங்கி அப்படியே தொங்க விட்டிருக்கான். போல்ட்டைச் சொருகி வெச்சிருக்கான். லைட்டு ஒயரையும் பிடுங்கிட்டான். எல்லாம் அவன் பண்ணின வேலை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சீட்டைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினார். பாலத்தில் கூட்டம் என்று சஞ்சீவி நகர் பக்கம் பைபாஸைப் பிடித்து, திருவானைக்காவல் வழியாக வந்தேன். தகர ஷெட் வந்தது. அந்த மெக்கானிக் வாசலில் டயர் மேல் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். காலையில் தயார் செய்த வார்த்தை ஒன்றுகூட நாக்கில் இல்லை. போல்ட்டுக்காகவாவது கேட்டிருக்கலாம், அதற்குக்கூட மனம் வரவில்லை. வண்டியை மெதுவாக்காமல் தாண்டினேன். பக்கத்தில் அவர் கண் மூடியபடிதான் இருந்தார்.

அதற்கு அடுத்த முறையும் வந்தார். அதற்கு அடுத்த முறையும். சில நாள் சலித்துக்கொண்டார், சில நாள் சண்டை போட்டார், ஆனால் பையை எடுத்தால் எழுந்துவிடுவார். மழை வந்தது, பொங்கல் போனது, வெயிலும் போனது. பழைய மூடி என் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நாற்காலியைக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். சந்தனக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒரே ஒரு பொட்டு வைத்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தபடி. வட்டமாகவே வந்தது. பிறகு கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"மீதியை நீ வை. நான் வரிசை சொல்றேன்."

சொன்னார், வைத்தேன். நாலு சக்கரம், பானெட், நம்பர் பிளேட், ஸ்டியரிங், கியர். கியருக்கு வைத்துவிட்டுப் பின்பக்கம் போகிறபோது சொன்னார்:

"பெட்ரோல் மூடிக்கு வேண்டாம்."

"ஏங்க?"

"போன வருஷம் நான் வெச்சதே போதும்."

விரலில் சந்தனத்தோடு அப்படியே நின்றேன். அவரைப் பார்க்கத் தைரியம் இல்லை. காரின் கதவைப் பார்த்துக்கொண்டே, "எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அன்னைக்கேதான். திருவானைக்காவல்ல அந்த ஷெட்டு வந்துச்சுல்ல. தப்பு முழுக்க அவனோடதா இருந்தா, நீ வண்டியை நடு ரோட்டுல நிறுத்தி ஊரையே கூட்டியிருப்ப. நீ பிரேக்ல கால்கூட வெக்கல. அப்புறம் பங்க்ல சைடு கண்ணாடியில பாத்தேன், மூடி புதுசு. அதுக்குப் பொட்டு வெச்சது நான்தானே."

"கண்ணை மூடிக்கிட்டுத்தானே வந்தீங்க."

"உன் சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டு வந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவர் நாற்காலியின் கைப்பிடியில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நிறுத்திடலாம்னுதான் இருந்தேன்," என்றார். "வாடை போனாலும் வரதா இல்ல. என்ன சொல்லலாம்னு மெஷின்ல படுத்துக்கிட்டு யோசிச்சு வெச்சிருந்தேன். வண்டியில ஏறினப்பக்கூட அது கடைசித் தடவைன்னுதான் ஏறினேன். நீ கத்தாம அந்த ஷெட்டைத் தாண்டின பாரு. அதுக்கப்புறம் நிறுத்தறேன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

நான் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். காவல்காரர் பூசணிக்காயோடு வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, உடைக்கலாமா என்று கேட்காமல் நின்றார்.

"எழுந்திரு," என்றார் அவர். "நாளைக்கு விஜயதசமி. பாலத்துல கூட்டமா இருக்கும். டயாலிசிஸுக்கு அரை மணி முன்னாடியே கிளம்பிடலாம்."